போத்தல் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்

பிள்ளை,

இதைத் தனியாக இருக்கும்போது படி. மருமகன் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. அம்மாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் திறந்துவிடாதே. உனக்கு மனதில் என்ன ஓடினாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிக்கூடத்தில் குடையைத் தொலைத்துவிட்டு வந்து, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே நீ அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நம் வீட்டில் தனியாகப் போன் கதைக்க எங்கே இடம்? நான் ஹலோ என்று வாயெடுத்தாலே, குசினிக்குள் இருந்து "ஆர், பிள்ளையே?" என்று கேட்டுக்கொண்டு அம்மா வந்துவிடுவாள். அதனால் காற்று வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மரீன் டிரைவில் ரயில் பாதையைப் பார்த்தபடி இருக்கும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவேன். இரண்டாவது பிளேன்டீயும் வந்துவிட்டது, நான் இன்னும் விஷயத்துக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். அம்மாவுக்கு டெங்கு வந்தபோது, பக்கத்துச் சைட்டில் கட்டட வேலை நடக்கிறது, அங்கே தேங்கிய தண்ணீரில் இருந்துதான் நுளம்பு வந்தது என்று உனக்குச் சொன்னோம். அது முழு உண்மை இல்லை. நுளம்புக் குடம்பி, அதுதான் அதன் புழு, நம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அம்மாவின் தையல் மெசினுக்கு மேலே, ஜன்னல் ஓரத்தில், நீ நிரைக்கு வைத்துவிட்டுப் போன மணிபிளான்ட் போத்தல்களில் இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் சேலைன் ஊசியோடு படுத்துக்கொண்டு, "பிள்ளைக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவள் தாங்கமாட்டாள்" என்றாள். அந்த நேரத்தில் அவள் என்ன கேட்டிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவளுக்கு ஒளித்து நான் செய்த காரியங்கள் எல்லாம் சீனி போட்டுத் தேத்தண்ணீர் குடித்த அளவில்தான் இருந்தன. இன்றைக்குத்தான் பெரிதாக ஒன்று செய்கிறேன். 

ஏன் இப்போது என்றால், உன் புது வீடியோதான் காரணம். வீட்டில் இருந்தபடியே சூழலுக்கு நல்லது செய்ய எளிய வழிகள் என்று நீ போடுகிற வீடியோக்களை நம் மாடி முழுக்கப் பார்க்கிறார்கள், உனக்குத் தெரியும். லிப்டில் ஏறினாலே எனக்கு அதைப் பற்றித்தான் பேச்சு. போன கிழமை நீ ஜாம் போத்தல்களைக் கழுவி மணிபிளான்ட் வைத்துக் காட்டினாய். ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து அதற்குள் விட்டாய். பிறகு சிரித்துக்கொண்டு, "தண்ணியை மாத்தி வீணாக்காதேங்கோ, குறைஞ்சால் மட்டும் நிரப்புங்கோ" என்றாய்.  மேல்வீட்டு ராஜி அதைப் பார்த்துவிட்டுத் தன் பல்கனிக் கம்பியோரம் முழுக்கப் போத்தல் அடுக்கிவிட்டாள். அவளுடைய மகள் சிந்து பிள்ளைப்பேற்றுக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வயிறு நன்றாக இறங்கிவிட்டது. உனக்குப் பின்னால் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள், உன்னை அக்கா அக்கா என்று சுற்றித் திரிந்தவள், மறந்திருக்கமாட்டாய். அவள்தான் அந்தப் போத்தல்களுக்குத் தினமும் தண்ணீர் நிரப்புகிறாள்.

மெல்பேர்னில் இருந்து நீ சொன்னதில் பிழை இல்லாமல் இருக்கலாம். அங்கே டெங்கு நுளம்பு இல்லை. இங்கே வெள்ளவத்தையில் மழை பெய்து ஓய்ந்தால் மூடி அளவு தண்ணீர் போதும், நுளம்புக்குக் குடித்தனம் நடத்த. ஆனால் நீ அதை அங்கே போய்ப் படித்ததில்லை. இங்கே இருந்தபோதே, எனக்குத்தான் முதலில் சொன்னாய். நான்தான் உன் முதல் மாணவன், அதுவும் கேள்வி கேட்காத மாணவன்.

உனக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று நேற்று நினைத்துப் பார்த்தேன். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான். நீ அப்போது கம்பஸில் படித்துக்கொண்டிருந்தாய். கரன்டும் இல்லை, காஸும் இல்லை, இருக்கிற கொஞ்சத்தை வைத்து ஓட்டவேண்டும். ஒருநாள் அரிசி ஒரு கொதி வந்ததும் அடுப்பை நிற்பாட்டிவிட்டு, பானையைத் தூக்கிப் பழைய பெட்ஷீட்டாலும் என் சாரத்தாலும் சுற்றிக் கட்டி ஒரு பெட்டிக்குள் வைத்தாய். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சோத்துக்குப் போர்வை போத்தி நித்திரையாக்குறியோ?" என்று கேட்டாள். நான் பசியில் பேக்கரிக்குப் போய் ஒரு பாண் வாங்கி வரப் புறப்பட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் சோறு பூப்போல வெந்திருந்தது.  அடுத்த நாள் அம்மாவே பெட்ஷீட்டை எடுத்து வைத்ததை நான் கண்டேன். காஸ் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் நம் வீட்டில் பருப்பும் கடலையும் அப்படித்தான் வேகின்றன.

அதற்குப் பிறகு லன்ச் ஷீட் சண்டை. காலி வீதிக் கடையில் இடியப்பம் வாங்கப் போனால், அந்த மெல்லிய பொலித்தீன் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள், சம்பலுக்கு இன்னொன்று, சொதிக்குப் பை ஒன்று. நீ எவர்சில்வர் டிபன் கரியரைத் தூக்கிக்கொண்டு போய், "மல்லி, ஷீட் எப்பா, மேக்கட தான்ன" என்று, ஷீட் வேண்டாம் இதற்குள் போடு என்று, சிங்களத்தில் சொல்லி நீட்டுவாய். முதல் நாள் அந்தப் பெடியன் ஷீட்டில் சுற்றியே டிபனுக்குள் வைத்துத் தந்தான். நீ அங்கேயே நின்று பிரித்துத் திருப்பிக் கொடுத்தாய். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, நான் உன்னைத் தெரியாதவன் மாதிரி பேப்பர் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாதம் ஒன்று போவதற்குள் உன் தலையைக் கண்டதும் அவனே டிபனுக்குக் கை நீட்டத் தொடங்கிவிட்டான். இப்போது நான் போகிறேன். மீன் கடைக்கும் மூடி போட்ட பெட்டிதான் கொண்டுபோகிறேன். கடைக்காரன் முதலில் நாறும் என்று சிரித்தான், நான் என் பெட்டி, என் மீன், என் மூக்கு என்று சொல்லிவிட்டேன்.

குசினிக் கழிவுக்குப் பல்கனியில் மண்சட்டி அடுக்கினாயே, அதற்கு இதே ராஜிதான் கீழே இறங்கி வந்து மணக்கிறது என்று சண்டை பிடித்தாள். நீ தேங்காய்த் தும்புத்தூள் வாங்கிப் போட்டு மணத்தை நிற்பாட்டி, மூன்று மாதம் கழித்து அவளுக்கே ஒரு பை உரம் கொண்டுபோய்க் கொடுத்தாய். அன்றிலிருந்து அவள் உன் கட்சி. உன்னை நான் சுற்றாடல் அமைச்சர் என்று பகிடி பண்ணுவேன், நீ முகத்தைச் சுளிப்பாய். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். அதை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

கல்யாணம் முடிந்து நீ விமானம் ஏறுவதற்கு முதல் நாள் என்னை வீடு முழுக்கக் கூட்டிக்கொண்டு போனாய். நான் கோட்டையில் கப்பல் கம்பனியில் வேலை பார்த்த காலத்தில் லீவு எடுப்பதற்கு முன் மேசையைப் பொறுப்புக் கொடுப்பேனே, அப்படி. ஏசித் தண்ணீர் வாளி எங்கே வைப்பது, சட்டியை எப்போது கிளறுவது, துணிப்பை எந்தக் கொளுக்கியில். கடைசியாக ஜன்னலோரப் போத்தல்கள். நான் காலி செய்த ஜாம் போத்தல்கள், நெல்லிக் கோடியல் போத்தல், சித்தப்பா காலி செய்த சாராயப் போத்தல்கூட ஒன்று, லேபிளைச் சுரண்டி வைத்திருந்தாய். "அப்பா, இதில தண்ணியை மாத்தாதேங்கோ. குறைஞ்சால் மட்டும் வாளியில இருந்து விடுங்கோ. வேர் குழம்பக்கூடாது" என்றாய். நான் சரி என்றேன். சொன்னதை அப்படியே செய்தேன். வாளியைத் தினமும் நிலம் துடைக்க எடுத்துக் காலியாக்கிவிடுவேன், அதில் ஒரு பூச்சியும் இல்லை. போத்தலில் மட்டும் உன் சொல்லைத் தட்டவில்லை. நீ போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது, பிள்ளை. அந்தக் கொடிக்குத் தண்ணீர் விடுவது உன்னோடு கதைக்கிற மாதிரி இருந்தது. அம்மாவும் மெசினை இழுத்து அதற்குக் கீழே போட்டுக்கொண்டு, பின்னேரம் பின்னேரமாக அங்கேதான் இருந்து தைத்தாள்.

காய்ச்சல் வந்தபோது சாதாரணக் காய்ச்சல் என்றுதான் பனடோல் கொடுத்தோம். கொட்டாஞ்சேனையில் இருந்து உன் பெரியம்மா பப்பாசி இலையை இடித்துச் சாறு கொண்டுவந்தாள். கண்ணுக்குப் பின்னால் நோகிறது, எலும்பெல்லாம் முறிகிறது என்று அம்மா சொன்ன பிறகுதான் இரத்தம் சோதித்தோம். ஆஸ்பத்திரியில் அவள் குடிப்பதை எல்லாம் அளந்தார்கள், போவதையும் அளந்தார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. உனக்கு நாங்கள் ‘கொஞ்சம் குறைஞ்சிருக்கு’ என்றோம். ஒருநாள் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இன்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டாம், கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருங்கள் என்றார். நான் வார்டு வாசல் வாங்கிலில் குந்திக்கொண்டு உனக்கு ‘அம்மா நித்திரை, நல்லா இருக்கிறா’ என்று மெசேஜ் அனுப்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அவள் இல்லாத வீட்டுக்குள் போய் நான் எந்தச் சுவிட்சைப் போடுவேன் என்றுகூட யோசித்தேன்.

அவள் தேறத் தொடங்கிய பிறகு பி.எச்.ஐ. வீட்டுக்கு வந்தார். டெங்கு என்று ஆஸ்பத்திரியில் பதிந்தால் சுகாதாரப் பரிசோதகர் வீடு பார்க்க வருவார் என்று உனக்குத் தெரியும்தானே. பூச்சட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் விழும் தட்டு, கக்கூஸ் தொட்டி எல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் சுத்தம். வாளியைக் கவிழ்த்துக் காட்டியபோது எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது. பிறகு ஜன்னலோரம் போய், ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "அங்கிள், மே பலன்ன" என்று சிங்களத்தில் கூப்பிட்டு, இதைப் பாருங்கள் என்று காட்டினார். வேர்களுக்கு நடுவே சின்னச் சின்னதாக நெளிந்தன. அடுத்த போத்தலிலும் இருந்தன. நான் அம்மாவின் தையல் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "சைட்லயும் இருக்கு அங்கிள். எந்த நுளம்பு கடிச்சது எண்டு சொல்ல ஏலாது. ஆனா இது வீட்டுக்குள்ள." தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, போத்தலின் உட்சுவரில் அது முட்டையை ஒட்டுமாம். காய்ந்து கிடந்தாலும் சாகாதாம். நாம் மேலே தண்ணீர் விட்டு மட்டம் உயரும்போது நனைந்து பொரிக்குமாம். அதாவது, குறைந்தால் நிரப்பு என்று நீ சொன்னதும், நான் தவறாமல் நிரப்பியதும், முட்டைக்குத் தண்ணீர் காட்டினதுதான். நாம் இரண்டு பேரும் நல்லது என்று நினைத்துச் செய்ததுதான். ஆனால் அம்மா சாகப் பார்த்தாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், அன்று இருந்தது. கொஞ்ச நேரம். பிறகு என் மேல் வந்தது. பிறகு இரண்டுமில்லாமல் ஒரு பாரமாக இருந்தது, அது இன்னும் போகவில்லை. எந்த நுளம்பு என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. சைட்டில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம். அம்மா அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு, விசாரித்தவர்கள் எல்லோருக்கும், "பக்கத்துச் சைட்டால வந்தது" என்றே சொன்னாள். மாடியில் இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? கூட்டமாகப் போய்ச் சைட் காவலாளியோடு சண்டை பிடித்தார்கள். அந்த மனிதன் இப்போது என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார், எனக்கும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் வீடியோ வந்த அன்று அம்மாதான் முதலில் லைக் போட்டாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "உனக்குத் தெரிஞ்சுகொண்டு எப்பிடியப்பா லைக் போட மனம் வந்தது?" என்று கேட்டேன். "பிள்ளை ஆசையாப் போட்டிருக்கு" என்றாள். "சிந்துவும் ஒரு தாயின்ர பிள்ளைதானே" என்றேன். அழத் தொடங்கிவிட்டாள். "ராஜியிட்ட நான் சொல்லுறன். பிள்ளைக்கு வேண்டாம்" என்றாள். ஆனால் அவள் மேலே போகவில்லை. லிப்ட் இருக்கிறது, ஏறிப் போகக் கஷ்டமில்லை. போனால், இவ்வளவு நாளும் சொன்னது பொய் என்று ராஜியின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும், அதுதான் ஏலாமல் இருக்கிறது. நான் அவளைக் குறை சொல்லவில்லை. உனக்காகச் சொன்ன பொய் அது.

அதனால் இன்று பின்னேரம் நான் போனேன். ராஜி கதவைத் திறந்ததும் நேரே பல்கனிக்குப் போய் ஒரு போத்தலைத் தூக்கினேன். அவள் ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? வேர் விட்டு எவ்வளவு வடிவா வந்திருக்கு. உங்கட மகள்தானே தண்ணியைக் கொட்ட வேண்டாம் எண்டு சொன்னவ."

"ராஜி, எங்கட வீட்டுப் போத்திலுக்கதான் குடம்பி இருந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது அதாலயாத்தான் இருக்கும்."

"அக்கா சைட் எண்டெல்லோ சொன்னவ? நாங்கள் எல்லாரும் போய் அங்க சண்டையும் பிடிச்சனாங்கள். இப்ப நீங்கள் வந்து மாத்திக் கதைக்கிறியள். பாவம், அந்தப் பிள்ளையில ஏன் பழியைப் போடுறியள்?"

 போத்தல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை, வைத்துச் சில நாள்தானே. தெரியாததுதான் எனக்கு வினையாகிவிட்டது, ராஜி வென்றுவிட்டாள். சிந்து உள்ளே இருந்து வயிற்றைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள். "அங்கிள், கோவிக்காதேங்கோ. நான் அக்காவுக்கு மெசேஜ் போட்டுக் கேக்கிறன். அவ கொட்டச் சொன்னா கொட்டுறன். அக்கா பிழையாச் சொல்லமாட்டா" என்றாள்.

அந்த நம்பிக்கையைக் கேட்டுத்தான் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் கேட்டால் நீ என்ன சொல்வாய்? ஒன்றும் தெரியாமல், பரவாயில்லையடா, செடி இருந்தால் ஒன்றும் செய்யாது என்று ஒரு சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்பிவிடுவாய். வயிற்றில் பிள்ளையோடு டெங்கு வந்தால் என்ன ஆகும் என்று அந்த வார்டில் நான் பார்த்தேன். எழுதமாட்டேன். உன் பதில் போவதற்கு முன் இது உன் கைக்கு வரவேண்டும்.

இப்போது எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் குணம் எனக்குத் தெரியும். கார் ஓட்டப் பழகப் போய், காலி வீதியில் ஒரு திரீவீலை லேசாகத் தட்டியதோடு லைசன்ஸ் ஆசையையே விட்டவள் நீ. திரீவீல்காரர் பரவாயில்லை என்று சொன்ன பிறகும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இதையும் அப்படி விட்டுவிடுவாய். வீடியோ எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எனக்கு இந்தத் தகுதி இல்லை என்று அழுதுகொண்டு, கடையில் கொடுக்கிற பொலித்தீன் பையை வாங்கத் தொடங்குவாய். அப்படிச் செய்தால் எனக்கு இரட்டை நட்டம். அம்மாவும் கிடந்து எழும்பினாள், நீயும் விழுந்தாய் என்று ஆகிவிடும். செய்யாதே. வெள்ளவத்தைக் கால்வாயில் மழைக்கு மிதந்து வருகிற ஷீட்டுகளையும் கப்களையும் நான் பாலத்தில் நின்று பார்க்கிறேன். அவை ஒவ்வொன்றும் நுளம்புக்குத் தொட்டில்தான். நீ டிபன் தூக்கிக்கொண்டு போனது வீண் வேலை இல்லை. நம் ஊரில் குப்பையைக் குறைப்பதும் நுளம்பைக் குறைப்பதும் ஒரே வேலை. தண்ணீரைச் சேர்க்கும் இடத்தில் மட்டும்தான் நாம் கண்ணைத் திறந்து வைத்திருக்கவேண்டும். அந்த ஒரு இடத்தில் நாம் அசந்துவிட்டோம்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். இந்தப் பகுதியை வேண்டுமானால் எல்லோருக்கும் வாசித்துக் காட்டு, எனக்கு வெட்கமில்லை. கொடிகளை எல்லாம் மண்ணுக்கு மாற்றிவிட்டேன். நீ சேர்த்த உரம் இருந்தது, நன்றாகப் பிடித்துக்கொண்டன. மண் மேலே காய்ந்த பிறகுதான் தண்ணீர் விடுகிறேன், தட்டு வைப்பதில்லை. போத்தல்களைக் கொதிநீர் விட்டு, உட்சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பருப்பும் மிளகாயும் போட்டு மூடிவிட்டேன். வாளியை வைத்திருக்கிறேன், ஆனால் அன்றன்றைக்கு நிலம் துடைத்து முடிக்கிறேன், பிறகு தேய்த்துக் கவிழ்த்துவிடுகிறேன். ஏசியையே குறைத்துவிட்டோம், பின்னேரம் கடல் காற்று வருகிறதே, எதற்கு? ஊருக்குப் போகும் நாளில் பிரிட்ஜின் பின்தட்டைக் கழற்றி ஊற்றுகிறேன். ஞாயிறு காலையில் கையில் டோர்ச்சோடு வீட்டைச் சுற்றுகிறேன். அம்மா கட்டிலில் இருந்தபடி அங்கே பார்த்தியளா, இங்கே பார்த்தியளா என்று கண்ணாலேயே கேட்கிறாள். அவளுக்கு இன்னும் சீப்பில் முடி கொத்தாக வருகிறது. மூட்டு நோகிறது என்று மெசினில் இருப்பதில்லை.

நீ புது வீடியோ போடு. ஆனால் பொதுவாக ‘கவனமாக இருங்கோ’ என்று சொல்லி நழுவிவிடாதே. பொதுவாகச் சொன்னதற்காக ராஜி ஒரு போத்தலும் கவிழ்க்கமாட்டாள், எனக்குத் தெரியும். நான் சொன்னது பிழை என்று சொல்லு. எங்கட வீட்டில்தான் இருந்தது, என்ர அம்மாவுக்குத்தான் வந்தது என்று சொல்லு. சைட் காவலாளியின் காதிலும் அது விழட்டும். சொல்லும்போது அழுகை வந்தால் வரட்டும், வெட்டி எடுக்காதே. உன்னைப் பெற்றவன் இப்படிக் கேட்பது கொடுமைதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அம்மா அதைப் பார்ப்பாள். நான் சத்தியத்தை உடைத்துவிட்டேன் என்று அந்த நிமிடமே விளங்கிவிடும். என்னைத் திட்டுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவள் என்னை ஒரு நாளும் சத்தம் போட்டுத் திட்டவில்லை, பிள்ளை. அதற்கு அவளுக்குப் பலம் இல்லை. திட்டட்டும். உன்னிடம் மட்டும் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், சாப்பிட்டியா என்றுதான் கேட்பாள். சாப்பிட்டேன் என்று சொல்லு.

இங்கே வெயில் தாழ்ந்துவிட்டது. அந்த நுளம்பு கடிக்கிற நேரம் இதுதான். சிந்து கதிரையைக் கொண்டுவந்து போத்தல்களுக்குப் பக்கத்தில் போட்டு, கால் வீக்கத்துக்குக் காலை நீட்டிக்கொண்டு இருப்பாள். அங்கே உனக்கு நித்திரை நேரமாக இருக்கும், விடியட்டும் என்று வைக்காதே. முதலில் அவளுக்கு எழுது. எனக்குப் பிறகு எழுதலாம்.

அப்பா